மயில்துத்தமும் ஏழாம் நம்பரும்

கிருமிக்கு மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் நாமக்கல்லில், மோகனூர் ரோட்டில், ஒரு கோழிப்பண்ணையின் பின்கட்டு அறையில் இருந்தார். காலையில் கண்ணாடி ஜாடியின் மூடியைத் திறந்து, உள்ளே குனிந்து, "எல்லாரும் எந்திரிச்சாச்சுங்களா?" என்று கேட்பார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள், உள்ளே விருந்தாளி படுத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சொம்பில் தண்ணீரோடு போய் நின்றதுண்டு.

அவர் பேரை ஊரில் யாரும் சொன்னதில்லை. மயில்துத்தம் என்றுதான் சொல்வார்கள். வெற்றிலைக் கொடிக்காலுக்கு மருந்தடிக்கிற அந்த நீல உப்பை எந்நேரமும் கரைத்துக்கொண்டே இருந்ததால் அவருக்குப் பத்து விரலும் நீலம். கல்யாணப் பந்தியில் அவர் சோற்றைப் பிசைந்தால் பக்கத்து இலைக்காரர் இலையோடு நகர்ந்துகொள்வார். "பயப்படாதீங்க, இது விரல்லயே நின்னுருமுங்க, வயித்துக்குள்ள போகாது" என்று இவர் சமாதானம் சொல்வார். அதைக் கேட்டதும் எதிர் வரிசையும் நகரும்.

டாக்டர் என்றும் கூப்பிட்டார்கள். அவர் மனிதனுக்கும் டாக்டர் இல்லை, மாட்டுக்கும் டாக்டர் இல்லை. பெங்களூரில் கிருமியைப் பற்றி வருஷக்கணக்காகப் படித்ததற்குக் கொடுத்த பட்டம் அது. அது தெரியாமல் ஒருவர் வெள்ளாட்டை இழுத்துக்கொண்டு வந்து, "மூணு நாளா தழை கடிக்க மாட்டேங்குதுங்க" என்று நின்றார். இவர் உட்கார்ந்து, ஆட்டின் புழுக்கையை ஒரு ஸ்பூனில் எடுத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் எடப்பாடியில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. லாரிக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு நாமக்கல் வந்து, அந்தப் பண்ணையில் குஞ்சுகளுக்கு மூக்கு வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்தேன். குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்திக் கொல்லாமல் இருக்க, பத்து நாள் வயதில் அலகு நுனியைப் பழுக்கக் காய்ந்த தகட்டில் வைத்து எடுப்பார்கள். வெட்டும் சூடும் ஒன்றாக விழ வேண்டும். கொஞ்சம் கூடினால் நாக்கு வெந்துபோகும், கொஞ்சம் குறைந்தால் ரத்தம் கொட்டும். என் கையில் குஞ்சு கத்தாது. திருச்செங்கோட்டுப் பண்ணைக்காரர்களும் ராசிபுரத்துப் பண்ணைக்காரர்களும் ஆள் அனுப்பி என்னைக் கூட்டிப்போவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. என் கையில் குஞ்சுகள் சாக ஆரம்பித்தன. வெட்டிய இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் வரும். துடைத்தால் இன்னொரு சொட்டு. அது நிற்காது. சாயங்காலம் பார்த்தால் பெட்டிக்குள் வெளுத்துப்போய்க் கிடக்கும். வெட்டு சரியாக இருந்தது, சூடு சரியாக இருந்தது. தகட்டை மூன்று முறை மாற்றினேன். பயனில்லை.

முதலாளி எல்லாப் பெண்களும் பார்க்க என் முன்னால் வந்து நின்றார். "உன்ற கை கெட்டுப்போச்சும்மா. நாளைக்கு வேற ஆளு வெட்டட்டும்."

வேறு ஆள் வெட்டினாள். அவள் கையிலும் செத்தன. "உன்னப் பாத்துத்தானே அவ பழகினா" என்றார் முதலாளி. அதற்கு மேல் யாரிடம் போய்ச் சொல்வது?

அப்போதுதான் மயில்துத்தம் செத்த குஞ்சு இரண்டைத் துண்டில் ஏந்திக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"இது கை வேலை இல்லீங்க முதலாளி. வயித்து வேலை."

"என்ன டாக்டரே சொல்றீங்க?"

"ரத்தம் கட்டறதுக்கு ஒரு சத்து வேணுமுங்க. அதைக் குஞ்சால செய்ய முடியாது. குடலுக்குள்ள இருக்கற கிருமிங்க அவங்க மூச்சு விடறதுக்காகச் செஞ்சுக்குவாங்க. மிச்சம் குஞ்சுக்கு. நாம ரத்தக் கழிச்சலுக்குன்னு சல்ஃபா மருந்தைத் தண்ணியில ஊத்தி அவங்களையும் கொன்னுபோட்டோம். முன்னால குஞ்சு தரையில எச்சத்தைக் கிளறியாவது கொஞ்சம் தின்னுக்கும். இப்ப கம்பி வலையில நிக்குது, எச்சம் கீழ போயிருது. பொறவு ரத்தம் எப்பிடிங்க கட்டும்?"

"கோழி வயித்துக்குள்ள மருந்துக்கடை இருக்குதுன்னு சொல்றீங்க."

"கடை இல்லீங்க, பட்டறை. அந்தச் சத்து மாவாவே விக்குதுங்க. தீவனத்துல ஒரு வாரம் கலந்து பாருங்க."

"அந்தம்மா கை கெட்டதுக்கு எல்லாக் கோழிக்கும் மாவு கலக்கச் சொல்றீங்க" என்று முதலாளி சிரித்தார். மயில்துத்தம் அவருக்குத் தூரத்து உறவு. அறை கொடுத்தது அந்த முறைக்காகத்தான். அவர் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அம்மிணி, பாட்டில் கழுவ வாரீங்களா? கை நடுங்காத ஆளு எனக்கு ஒண்ணு வேணுமுங்க" என்றார். ஊரே கெட்டுப்போனது என்று சொன்ன கையைத் தேடி வந்தவர் அவர் ஒருவர்தான். போனேன்.

அந்த அறையில் பாதி சாமான்கள் லாரிப் பட்டறையிலிருந்து வந்தவை. அவருடைய கிருமிகளைக் காற்றில்லாத ஜாடியில் வளர்க்க வேண்டும். லாரிக்குப் பாடி கட்டுகிற இடத்தில் தேய்க்க வைத்திருக்கும் இரும்புப் பஞ்சை வாங்கி வந்து, மயில்துத்தத் தண்ணீரில் முக்கி, ஜாடிக்குள் வைத்து மூடுவார். அந்தப் பஞ்சு துருப்பிடிக்கப் பிடிக்க உள்ளே இருக்கிற பிராண வாயுவைத் தின்றுவிடும். மூடிக்கு லாரி ட்யூபை வட்டமாக வெட்டிப் போட்டிருந்தார். அது கசிகிறதோ என்ற சந்தேகம் வந்தால் ஜாடியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போவார். கடைக்காரர் அதைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்ப்பார்.

"ஏனுங்க டாக்டர், காத்து நிக்கணும்னு எங்கிட்ட வருவாங்க. காத்து இருக்கவே கூடாதுன்னு வந்த மொத ஆளு நீங்கதானுங்க."

"உள்ள இருக்கறவங்களுக்குக் காத்து குடுத்தா சோம்பேறி ஆயிருவாங்க" என்றார் இவர். கடைக்காரர் ஜாடியைக் கண்ணருகே தூக்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, உள்ளே யாரும் இல்லை என்று முடிவு செய்து, துடைத்துக் கொடுத்தார்.

ஒரு மே மாதப் பகலில் கரண்ட் போய் ஐஸ் பெட்டி நின்றுவிட்டது. மயில்துத்தம் தம் கிருமிக் குழாய்களை மடியில் கட்டிக்கொண்டு ஐஸ் ஃபேக்டரிக்குப் போய்விட்டார். வெளியே வெயில் கொளுத்த, இவர் உள்ளே ஐஸ் பாளங்களுக்கு நடுவில் கம்பளி போர்த்து, மூக்கு ஒழுக, சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். "ஊட்ல யாருக்காச்சும் ஏதாச்சுங்களா?" என்று ஃபேக்டரிக்காரர் தணிந்த குரலில் கேட்டாராம். "ஏழாம் நம்பருக்கு ஆயிரக் கூடாதுங்க" என்றாராம் இவர்.

அந்த ஏழாம் நம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த முதல் வாரமே கேட்டுவிட்டேன், இந்தக் கிருமி அந்தச் சத்தை எப்படிச் செய்கிறது என்று. அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

"உங்க ஊட்டுல நூல் எப்பிடிச் சேலை ஆகுது?"

"ஒருத்தர் நூல் சுத்துவாங்க, ஒருத்தர் பாவு ஓட்டுவாங்க, ஒருத்தர் பசை போடுவாங்க, ஒருத்தர் தறியில பிணைப்பாங்க, பொறவு நெய்யறதுங்க."

"இங்கயும் அதே கதைதானுங்க. ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு ஆளு. அந்த ஆளுக்கு நொதின்னு பேரு. ஒருத்தன் கை வெச்சு முடிச்சதை அடுத்தவன் வாங்குவான். எந்த ஆளை அனுப்பணும்னு அப்பன் பாட்டன் காலத்துலருந்து ஒரு சீட்டு வருது. அதுதான் மரபணு. சீட்டு கிழிஞ்சுபோச்சுன்னா அந்த ஆளு வேலைக்கு வரமாட்டான்."

"பாவு ஓட்டற ஆளு வரலீன்னா சுத்தின நூல் குவிஞ்சு கெடக்குமுங்க. சேலை வராது."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "அம்மிணி, இதை எனக்குச் சொல்லிக்குடுக்க எங்க வாத்தியாருக்கு ஒரு வருசம் ஆச்சுங்க."

அந்தச் சீட்டைக் கிழிக்கிற வேலையை அவரே செய்தார். ஊதா விளக்கு ஒன்றின் கீழே கிருமிகளைக் காட்டுவார். பிழைத்ததில் எது ஜாடிக்குள் போனதும் எழுந்திருக்க முடியாமல் படுத்துக்கொள்கிறதோ, அதற்குச் சீட்டு கிழிந்திருக்கிறது. வெளியில் காற்று இருந்தால் அந்தச் சத்து இல்லாமலே அவை வளர்ந்துவிடும். காற்றில்லாத ஜாடிக்குள் சத்து செய்யத் தெரிந்தது மட்டும்தான் எழும்.

"நல்லா ஓடற தறியை என்னத்துக்குங்க ஒடைக்கறீங்க?" என்று கேட்டேன்.

"ஒடைச்சாத்தானுங்க எந்த ஆளு என்ன வேலை செஞ்சுட்டிருந்தான்னு தெரியும்."

அப்படிச் சீட்டு கிழிந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் போட்டு வைத்திருந்தார். இரண்டாம் நம்பர் ஆரம்பத்திலேயே உடைந்தது. நான்காம் நம்பர் நடுவில் உடைந்தது. இதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. ஏழாம் நம்பர் எங்கே உடைந்தது என்று மட்டும் தெரியவில்லை. பாதி வேலை முடிந்த சரக்கு பொடியாக வெளிநாட்டில் கிடைக்கும், அதைக் கொடுத்துப் பார்த்தால் தெரியும் என்று எழுதிப்போட்டு, கப்பலுக்காக இரண்டு வருஷம் காத்திருந்தார்.

அந்த இரண்டு வருஷமும் பண்ணையில் குஞ்சுகள் செத்துக்கொண்டேதான் இருந்தன. பொடி வந்தது. அதே சமயம் மதராஸிலிருந்து ஒரு பெரிய விஞ்ஞானி, இவர் எழுதியதைப் படித்துவிட்டு, ஏழாம் நம்பரை நேரில் வந்து பார்ப்பதாகக் கடிதம் எழுதினார். முதலாளிக்குச் சேதி போயிற்று. பின்கட்டுக்கு வந்தார்.

"வரட்டும் டாக்டரே. நீங்க நெசமான விஞ்ஞானின்னு அவர் சொன்னாருன்னா உங்க மாவைத் தீவனத்துல கலக்கறேன், இந்தம்மாவையே திரும்பவும் வெட்டச் சொல்றேன். இல்லீன்னா ரூமைக் காலி பண்ணிக் குடுங்க. முட்டை அட்டை அடுக்க எடம் பத்தலை."

ஆக என் கை நல்ல கையா கெட்ட கையா என்பது, கண்ணுக்குத் தெரியாத ஏழாம் நம்பர் கையில் இருந்தது.

பெரியவர் வருவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, மயில்துத்தம் புது பாட்டில் பன்னிரண்டு வாங்கி வந்து, "கழுவி எங்கையில குடுங்க அம்மிணி" என்றார். மற்ற நாளெல்லாம் கழுவியதைக் கவிழ்த்து அடுக்கிவிட்டு வந்துவிடுவேன். கையிலிருந்து கைக்குக் கொடுப்பது அன்றுதான் முதல் தடவை. எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒரு பிடி அரிசியாவது, ஒரு மிளகாயாவது போட்டுத்தான் கொடுப்போம். வெள்ளிக்கிழமை, புதுப் பாத்திரம், நல்ல காரியம், அதில் வெறும் பாட்டிலா? சர்க்கரை போட்டால் கிருமி தின்றுவிடும், மஞ்சள் போட்டால் செத்துவிடும் என்கிற அளவுக்கு எனக்கு விவரம் தெரியும். யோசித்தேன். பழைய கிருமிகள் வளர்ந்து முடிந்த தண்ணீரைக் குக்கரில் வேகவைத்துக் கொன்று கொட்டுவதற்கு வைத்திருந்தேன். உயிர் இல்லை, தெளிந்த தண்ணீர், அவர்கள் வீட்டுப் பொருளே. ஒவ்வொரு பாட்டிலிலும் அடி நனைய அரை ஸ்பூன் விட்டுக் கொடுத்தேன். கழுவின ஈரம் என்று நினைத்து அவர் வாங்கிக்கொண்டார். வாங்கிய வரிசைப்படி அப்போதே பாட்டில்களுக்கு நம்பர் எழுதினார்.

முதல் ஆறு பாட்டிலில் கப்பல் பொடியைப் போட்டார். பின் ஆறில் போடவில்லை. எல்லாவற்றிலும் ஏழாம் நம்பரை விட்டு ஜாடிக்குள் வைத்து மூடினார். பொடி போட்டதெல்லாம் எழுந்து தண்ணீர் கலங்க வேண்டும். போடாத ஆறும் தெளிவாக இருக்க வேண்டும். அப்போதுதான் எழுப்பியது பொடி என்று ஆகும்.

பெரியவர் வந்தார். வெள்ளைச் சட்டை, சிரிக்காத முகம். முதலாளி கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மயில்துத்தம் மூடியைத் திறந்தார். அன்றைக்கு அவர் கிருமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. பொடி போட்ட ஆறும் கலங்கியிருந்தன. போடாத ஆறில் மூன்று தெளிவு. மூன்று கலங்கல்.

பெரியவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சாப்பாடே போடாதது எப்படிய்யா வளந்திருக்கு? இதை வச்சுக்கிட்டு நான் என்ன சொல்றது?"

முதலாளி முன்னால் வந்தார். "அந்தம்மா கை அப்பிடிங்க சார். பாட்டில் கழுவினது அதுதான். எங்குஞ்செல்லாம் அந்தக் கையிலதான் போச்சு."

"இல்லீங்க" என்றார் மயில்துத்தம். "கையில தப்பில்லீங்க. ஜாடி மூடினது நானு. உள்ள காத்து பூந்திருக்கும். என் தப்புங்க."

ஜாடியில் தப்பில்லை என்று அவருக்குத் தெரியும். பஞ்சர் கடையில் இரண்டு தடவை அமுக்கிப் பார்த்த ஜாடி அது. எனக்காக அவர் அறையை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குஞ்சுகள் செத்ததற்கு என் கை காரணமில்லை என்று தலை நிமிர்ந்து சொல்லிவந்தவள் நான். இப்போது வாயைத் திறந்து "நான்தான்" என்று சொன்னால், பழைய பழியும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். சொல்லாவிட்டால் என் பேர் அப்படியே இருக்கும், அவர் பெட்டி கட்டுவார்.

"நாந்தானுங்க" என்றேன். "வெறும் பாட்டில் குடுக்கக் கூடாதுன்னு வேகவெச்ச தண்ணி அரை ஸ்பூன் விட்டனுங்க."

முதலாளி கையை விரித்தார். "பாருங்க சார்!"

பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. பாட்டில்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அம்மா, ஏழாவது, ஒம்பதாவது, பதினொண்ணாவது பாட்டில் கலங்கியிருக்கு. எட்டாவது, பத்தாவது, பன்னெண்டாவது தெளிவா இருக்கு. அசுத்தம்னா ஒண்ணு விட்டு ஒண்ணு வராது. எல்லாத்துலயும் ஒரே தண்ணியா விட்டீங்க?"

"இல்லீங்க. நாலாம் நம்பர் தண்ணி ஒரு சட்டியில இருந்துச்சு, ரெண்டாம் நம்பர் தண்ணி ஒரு சட்டியில இருந்துச்சுங்க. ஒருத்தருதை மட்டும் விட்டா ஓரவஞ்சனை ஆகுமேன்னு மாத்தி மாத்தி விட்டனுங்க. மொத பாட்டிலுக்கு நாலு, அடுத்ததுக்கு ரெண்டு."

"நல்லா நெனவிருக்கா?"

"எனக்கு எழுத்துதானுங்க வராது. சட்டிக்குக் கயிறு கட்டியிருக்கறேன். நாலுக்குச் செவப்பு, ரெண்டுக்குப் பச்சை."

மயில்துத்தம் மெல்ல உட்கார்ந்துவிட்டார், நாற்காலி இல்லாத இடத்தில், தரையில்.

"நாலோட வாசல்ல குவிஞ்சு கெடந்த சரக்கு" என்றார். "அதைக் குடுத்தா ஏழு எந்திரிக்குது. அப்பன்னா ஏழு ஒடைஞ்சது நாலுக்கு முன்னால. ஒண்ணோட தண்ணியை இன்னொண்ணுக்குக் குடுத்துப் பாக்கறது புஸ்தகத்துல மொத பக்கத்துலயே இருக்குதுங்க. அதை மறந்துபோட்டு ரெண்டு வருசமா கப்பலுக்குக் காத்துட்டிருந்தனுங்க."

பெரியவர் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். அன்று சாயங்காலம் ரயிலேறப் போகிறவர், மூன்று நாள் லாட்ஜில் தங்கிவிட்டார். வேண்டுமென்றே மறுபடி செய்து பார்த்தார்கள். பாட்டில்களை நான்தான் கழுவினேன். அரை ஸ்பூனும் நான்தான் விட்டேன், இந்தத் தடவை அவர்கள் சொன்னபடி. நாலின் தண்ணீரில் ஏழு எழுந்தது, இரண்டின் தண்ணீரில் எழவில்லை. ஏழின் தண்ணீரை இரண்டுக்கு விட்டார்கள், இரண்டு எழுந்து நின்றது. ஆக ஏழு உடைந்தது இரண்டுக்குப் பின்னால், நாலுக்கு முன்னால். போகும்போது பெரியவர் முதலாளியிடம், "இவர் சொல்றதைக் கேளுங்க" என்று மூன்றே வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

முதலாளி சொன்ன சொல் தவறவில்லை. சல்ஃபா மருந்தை நிறுத்தினார்கள். அடுத்த குஞ்சுத் தொகுதிக்குப் பத்து நாளும் தீவனத்தில் அந்தச் சத்து மாவைக் கலந்தார்கள். பிறகு ஆள் அனுப்பி, "அந்தம்மா வந்து வெட்டட்டும்" என்றார்.

இப்போது மயில்துத்தம் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அவரை நினைத்தால் எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வரும். தகடு காய்ந்து சிவந்தது. பெண்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். அவர் எனக்கு எதிரில் ஒரு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க எதுக்குங்க இந்தச் சூட்டுல? ரூமுக்குப் போங்க" என்றேன்.

"எனக்கு அங்க ஒண்ணும் வேலை இல்லீங்க அம்மிணி" என்றார். ஜாடிகளை அப்படியே விட்டு வந்திருந்தார். அப்படி அவர் ஒரு நாளும் விட்டதில்லை.

முதல் குஞ்சை எடுத்தேன். வைத்தேன், எடுத்தேன். அவர் குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு வந்தது, நின்றது. இரண்டாவது குஞ்சுக்கு அந்தச் சொட்டும் இல்லை. பெட்டி பெட்டியாக வந்தது. மத்தியானச் சோற்றுக்கு மற்றவர்கள் போனார்கள், அவர் போகவில்லை. கடைசிப் பெட்டி முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. காலையில் வெட்டிய குஞ்சுகள் எல்லாம் கம்பி வலைமேல் ஓடித் தீவனம் கொத்திக்கொண்டிருந்தன. முதலாளி வந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, "கை நல்ல கைதான்" என்றார்.

மயில்துத்தம் எழுந்தார். "நாம்போயி கை கழுவிட்டு வாரனுங்க" என்று சொல்லி, யார் முகத்தையும் பார்க்காமல் தொட்டிப் பக்கம் போனார்.

அன்று அவர் ஒரு குஞ்சைக்கூடத் தொடவில்லை. கழுவிவிட்டுத் திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று. நான் அவர் டீயை ஆறிவிடாமல் மூடி வைத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.